நடந்ததா என்று மட்டும் கேட்டார்கள்

அமைச்சரிடம் கேட்கும் ஒரு கேள்வி கடைசியில் யாருடைய மேசையில் வந்து விழும் என்று முன்பே தெரிந்திருந்தால், நான் அந்த விவரங்களை எழுதிக் கொடுத்திருப்பேனா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் வீடு உப்புவெளியைத் தாண்டி வடக்கே, கடற்கரையோரம். எங்கள் பகுதியில் மாதத்தில் ஒருநாள் தாய் சேய் கிளினிக் நடக்கும். பிள்ளைகளை நிறுப்பது, ஊசி போடுவது, கர்ப்பிணிகளைப் பார்ப்பது எல்லாம் அன்றுதான். அதற்கென்று இருந்த சின்னக் கட்டடத்தின் கூரை, நான் மகளைப் பெறுவதற்கு முந்திய மாரி மழையில் பிய்ந்து போனது. திருத்துவார்கள் என்று காத்திருந்தோம். கிளினிக்கை நிறுத்தினால் அதை டவுன் கிளினிக்கோடு சேர்த்துவிடுவார்கள், பிறகு கைக்குழந்தைகளுடன் எல்லோரும் பஸ் ஏறவேண்டியதுதான் என்று வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் எங்கள் மருத்துவமாது சொன்னார். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

அதனால் தாய்மார் நாங்களே மீனவர் சங்க மண்டபத்தைக் கேட்டு வாங்கினோம். உட்காருவதற்கு வீடுகளிலிருந்து கதிரைகளைத் தூக்கி வந்தோம். படகு எஞ்சின்களைத் தொங்கவிடும் வளைமரத்தில் தராசைக் கட்டினோம். மிஸ் தன்னுடைய மாத அறிக்கையில் இடம் என்ற பகுதியில் பழைய கட்டடத்தின் பெயரையே எழுதி வந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதை ஒரு பிழையாக யாரும் நினைக்கவில்லை. கிளினிக் நடந்தால் போதும் என்றிருந்தோம்.

ஒரு கிளினிக் நாளில் என் பெயரைக் கூப்பிட, நான் பிள்ளையின் கிளினிக் அட்டையை எடுக்கத் திரும்பினேன். அந்த நேரத்துக்குள் மகள் மூலையில் கிடந்த வலையிலிருந்து ஓர் ஈயக் குண்டை இழுத்து வாய்க்குள் போட்டுவிட்டாள். விரலை விட்டு எடுத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பிறகு அந்த மண்டபத்துக்குள் என் கண் பிள்ளையின் வாயை விட்டு விலகுவதில்லை. தரையில் எண்ணெய் இருக்கும், தூண்டில் முட்கள் இருக்கும். மற்றத் தாய்மார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

என்னுடன் படித்த தோழி ஒருத்தி ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, எழுதித் தா, கேள்வியாகக் கேட்பிக்கலாம் என்றாள். நான் கூரையைப் பற்றி மட்டும் எழுதினேன். சங்க மண்டபத்தைப் பற்றி எழுதினால் அதையும் மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் அதை விட்டுவிட்டேன். கட்டடம் எப்போது திருத்தப்படும், அதுவரை சேவை எப்படி நடக்கிறது என்று கேள்வி போனது. முதல்முறை அமைச்சின் பக்கத்திலிருந்து அவகாசம் கேட்டார்கள். அது வழமைதானாம்.

அடுத்தமுறை கேள்வி வந்தபோது நான் குசினியில் அடுப்புப் பக்கம் போனைச் சாய்த்து வைத்து, மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு சபையின் நேரலையைப் பார்த்தேன். அமைச்சர் சிங்களத்தில் வாசிக்க, அதற்கு மேலே ஒரு பெண்ணின் குரல் தமிழில் சொல்லிக்கொண்டு போனது. குறிப்பிட்ட இடத்தில் கிளினிக் தடையின்றி நடைபெறுகிறது, ஆகவே திருத்த வேலை அவசரமானவற்றுள் சேர்க்கப்படவில்லை. எங்கள் உறுப்பினரிடம் மேலதிகக் கேள்வி உண்டா என்று சபாநாயகர் கேட்டார். அவர் என் தாளைப் புரட்டிப் பார்த்தார். அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அமைச்சர் பொய் சொல்லிவிட்டார் என்று அடுத்த கிளினிக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். மிஸ் தராசிலிருந்து பிள்ளையை இறக்கிக் கொடுத்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பிள்ளை, கேள்வி அமைச்சரிட்டக் கேட்டது. பதில் என்னட்டத்தான் கேட்டவை."

கொழும்பிலிருந்து மாகாணத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும், பிறகு இவருடைய மேலதிகாரிக்கும் என்று அந்தக் கேள்வி இறங்கி வந்திருக்கிறது. கடைசியில் இவருக்கு ஒரு போன்.

"நடந்ததா எண்டு மட்டும் கேட்டவை. ஓம், நடந்தது எண்டு சொன்னன். எங்க எண்டு ஆரும் கேக்கேல்ல."

குறிப்பிட்ட இடத்தில் என்று அமைச்சர் வாசித்தது மிஸ்ஸின் மாத அறிக்கையில் இருந்ததை. அந்த அறிக்கையை உண்மைபோல ஆக்கி வைத்தது நாங்கள் தூக்கி வந்த கதிரைகள். துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீர் பாராளுமன்றத்தை அசைக்கப் போய் எங்கட மிஸ்ஸையெல்லே அசைச்சுப்போட்டீர்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன கிழமை தோழி திரும்பப் போன் எடுத்தாள். பதில் தவறு என்று காட்டினால் உறுப்பினர் அதை மறுபடி சபையில் எழுப்பத் தயார். கிளினிக் சங்க மண்டபத்தில் நடக்கிற படங்கள் இருந்தால் அனுப்பு என்றாள். படங்கள் என் போனில் இருக்கின்றன. அனுப்பினால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அடுத்த மாரிக்கு முன் கூரையும் வரக்கூடும். ஆனால் பதில் தவறு என்றால் அறிக்கையும் தவறு. விசாரணை மிஸ்ஸில்தான் தொடங்கும். அவருக்கு இடமாற்றம் கிடைத்தால், குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டைபறிச்சான் பக்கமோ, இன்னும் தூரமோ.

மிஸ்ஸிடமே போய்க் கேட்டேன். அவர் ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டு சொன்னார்: "உங்கட பிள்ளைக்கு எது நல்லமோ அதைச் செய்யுங்கோ. என்னட்ட மட்டும் கேக்காதேங்கோ."

அனுப்ப ஏலாது என்று தோழிக்கு எழுதினேன், அழித்தேன். அனுப்புகிறேன் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். வருகிற திங்கட்கிழமை அவளுக்கு ஒரு முடிவு சொல்லவேண்டும். இதை வாசிக்கிறவர்களில் அரச அலுவலகங்களில் வேலை செய்தவர்கள், சபைக் கேள்விகள் எப்படி இறங்கி ஏறுகின்றன என்று தெரிந்தவர்கள் இருப்பீர்கள். கேள்வி அமைச்சரோடு நிற்கும்படி, அது கீழே இருக்கும் ஒருவரின் தலையில் விழாதபடி, அதை எழுத ஒரு வழி இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து சொல்லித் தாருங்கள். இல்லையென்றால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.