ஒட்டுப்பால் வாடை

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். காந்தன் ஓட்டும் லாண்டரி வேனில் ஒரு டெலிவரி புத்தகம் இருக்கிறது. எந்த ஹோட்டலுக்கு எத்தனை மணிக்குப் போனான், எத்தனை மணிக்குத் திரும்பினான் என்று தன் கைப்பட எழுதியிருக்கிறான். இங்கே வரும் நேரங்களில் பாதி அதிலிருந்து எடுத்தவை. சில பக்கங்களில் எழுத்து கோணலாக ஓடுகிறது.

காந்தன் மலேசியாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். வயது முப்பத்தைந்து. கல்யாணமாகி ஒன்பது வருடமாக மலாக்கா டவுனில், தெங்கேராவில் இருக்கிறான். மனைவி தேவிஸ்ரீ அங்கேயே பிறந்து வளர்ந்தவள். எஸ்டேட் வாசலைக்கூட மிதித்ததில்லை. அவளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது, ஐந்து மாதத்தைத் தாண்டியது. இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வர வேண்டும். காந்தனுக்கு வேறு எதுவும் வேண்டாம். மாசி மகத்துக்குச் செங் ஊரிலுள்ள சன்னாசிமலைக் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான்.

நாற்பத்தெட்டு நாள் விரதம். மீன் கிடையாது, கறி கிடையாது, பீர் கிடையாது. சிகரெட்டும் கிடையாது.

சிகரெட்தான் சிரமம். அவன் நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவன். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய பழக்கம். அதற்கு முன் தொட்டதில்லை.

ஒன்பதாம் நாள் அவன் மூக்கு திறந்துகொண்டது.

முதலில் வேடிக்கையாக இருந்தது. வேனில் மூட்டை ஏற்றி இறக்கும் பிச்சைமுத்து அண்ணன் காலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காந்தன் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

“நேத்து கருவாடு.”

“அடப்பாவி. மூணு தடவ பல்லு வெளக்கினேன்லா.”

“அதுக்கு மேல பீரு. ரெண்டு டின்னு.”

“டேய், என் பொண்டாட்டிக்கே அது தெரியாதுடா. முருகன் உனக்குக் கண்ணத் தொறப்பாருன்னு பார்த்தா மூக்கத் தொறந்துட்டாரு.”

இருவரும் சிரித்தார்கள். துவைத்த படுக்கை விரிப்புகளின் வாசம், இஸ்திரிச் சூட்டின் வாசம், பின்சந்தில் யாரோ வதக்கும் பெலாச்சான் இறால் விழுது. எல்லாம் தனித்தனியாக வந்தது. காந்தனுக்கு உலகம் புதிதாக இருந்தது.

பதினேழாம் நாள். மாலை ஆறு இருபது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தான்.

அழுகல் நாற்றம் அடித்தது.

விரதத்துக்கென்று புதுப் பாத்திரங்கள் வாங்கி, வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் கவிச்சி. தேவிஸ்ரீ ஒளித்து எதையோ சமைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினான்.

“என்ன ஆக்கின?”

“பருப்பு, கீரை. ஏங்க?”

“பொய் சொல்லாத. மீன் ஆக்கினியா?”

“புள்ளைக்காக நீங்க விரதம் இருக்கீங்க. நான் போயி மீன் ஆக்குவேனா?”

அடுப்பில் இருந்த பாத்திரத்தைத் தூக்கி எறிந்தான். அது அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதியது. சுடுபருப்பு அவள் கையில் தெறித்தது. அவள் கையைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

காந்தன் அவள் முன்னால் மண்டியிட்டு அழுதான். அழும்போதும் அந்த நாற்றம் போகவில்லை. அவன் குனிந்தால் கூடக் குனிந்தது. எழுந்தால் கூட எழுந்தது.

மறுநாள் வேனிலும் வந்தது. அதற்கடுத்த நாள் கோயிலில். கற்பூரத்தையும் தாண்டி வந்தது. மூன்று முறை குளித்தான். வேனைக் கழுவினான். சாம்பிராணி போட்டான். பிச்சைமுத்து அண்ணன் மூக்கை உறிஞ்சிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“சோப்பு வாசம்தான் வருது. உனக்குப் பசிடா. விட்டா என்னையே கடிச்சித் தின்னுருவ.”

இருபத்து மூன்றாம் நாள், மதியம் ஒன்று ஐம்பது. ஹோட்டல் பின்வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். அழுகலுக்கு நடுவே இன்னொரு வாசம் மெல்லியதாக வந்தது. தைலம்.

காந்தன் கையிலிருந்த பேனா விழுந்தது. இத்தனை நாள் வந்தது கவிச்சி இல்லை. அது என்னவென்று அவனுக்குத் தெரியும். யாருடையது என்றும் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன். ஞாயிறு. காலை பதினொன்று பத்து. நண்பனிடம் இரவல் வாங்கிய கார், புது வெள்ளைச் சட்டை. தெங்கேராவுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டிருந்தான். அப்பா அம்மா முன்னதாகவே அங்கிருந்த அத்தை வீட்டுக்குப் போயிருந்தார்கள். எஸ்டேட் வளைவில் இருளாண்டி எதிரே வந்தார். ஊர் ஊராகப் போய் ஒட்டுப்பால் வாங்கும் கிழவர். ரப்பர் மரத்துக் கோப்பையிலேயே உறைந்து அழுகிப்போன பால் அது. செத்த எலியை ஊறப்போட்டது போல நாறும். அந்த நாற்றம் தாங்காமல் இருளாண்டி எப்போதும் மூக்கடியில் தைலம் பூசியிருப்பார்.

அவர் பைக்கில் இரண்டு பக்கமும் மூட்டைகள். வளைவில் ஒரு மூட்டை காரை உரசியது. திறந்திருந்த கண்ணாடி வழியாக அதன் தண்ணீர் காந்தனின் சட்டையில் கொட்டியது.

“அடடே, பொண்ணு பாக்கவா?” இருளாண்டி பைக்கை நிறுத்திச் சிரித்தார். “டவுன் பொண்ணு வாடை புடிச்சே கண்டுபுடிச்சிருமே தம்பி, எஸ்டேட்டுக்காரன்னு.”

காந்தன் காரில் கிடந்த இரும்பு ஸ்டியரிங் லாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான். முதல் அடி தோளில் விழுந்தது. கிழவர் “தம்பி” என்றார். இரண்டாவது தலையில். தேங்காய் உடைகிற சத்தம். மூன்றாவது அடிக்குத் தேவையே இல்லை. அதையும் அடித்தான். பிறகு அவரைக் காலால் வாய்க்காலுக்குள் உருட்டினான். பைக்கை அவர் மேலே தள்ளினான்.

இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. கிழவர் வளைவில் சறுக்கி விழுந்துவிட்டார் என்று எஸ்டேட்டில் பேசிக்கொண்டார்கள்.

அன்று காந்தன் பெட்ரோல் நிலையத்தில் உடம்பைத் தேய்த்துக் கழுவினான். மலாக்காவில் வேறு சட்டை வாங்கினான். நாற்றம் மூக்கை விட்டுப் போகாததால் ஒரு பாக்கெட் சிகரெட்டும் வாங்கினான். ஆறாவது சிகரெட்டில் நாற்றம் போனது. இரண்டு மணிக்குப் பெண் வீட்டில் இருந்தான். காப்பித் தட்டோடு வந்த தேவிஸ்ரீ அவன் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். பிறகு சிரித்தாள். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஒரு சிகரெட் போதும். நாற்றம் போய்விடும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் விரதம் முறிந்தால் பிள்ளை...

அவன் சிகரெட்டைத் தொடவில்லை.

முப்பத்தேழாம் நாள். மதியம் மூன்று பன்னிரண்டு. ஹோட்டல் பின்சந்து. நல்ல வெயில். பிச்சைமுத்து அண்ணன் தள்ளுவண்டியோடு உள்ளே போயிருந்தார். காந்தன் வேனில் தனியாக இருந்தான். பின்னால் கூரை வரைக்கும் வெள்ளை விரிப்பு மூட்டைகள்.

நாற்றம் பின்னாலிருந்து வந்தது.

கண்ணாடியில் பார்த்தான். மூட்டைகள்தான். ஒன்று மட்டும் நடுவில் சற்றுப் பள்ளமாக இருந்தது. யாரோ உட்கார்ந்தது போல.

மூன்று பதினான்கு. ஏர்கான் சத்தம். அதற்கடியில் இன்னொரு சத்தம்.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

ஈரமான மூச்சு.

அவன் அசையவில்லை.

மூக்கடியில் சில்லென்றது. விரலை வைத்துத் தொட்டான்.

பிசுபிசுப்பு.

தைலம்...

யாரோ பூசிவிட்டிருந்தார்கள்.

காந்தன் கத்தினான். சீட்டடியில் கிடந்த ஸ்டியரிங் லாக்கை உருவினான். பின்பக்கம் தாவினான். பள்ளமாக இருந்த மூட்டையை அடித்தான்.

துணிச் சத்தம்.

மறுபடி அடித்தான்.

தேங்காய்ச் சத்தம்.

“தம்பி...”

மறுபடியும் அடித்தான்.

பின்கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஒரு தலை. இரும்பை அதன் மேல் இறக்கினான். கடைசி நொடியில்தான் முகம் தெரிந்தது. லாக் பிச்சைமுத்து அண்ணனின் காதை உரசிக் கதவில் இடித்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

அவர் முதலில் அந்த இரும்பைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையைக் காதில் அழுத்திக்கொண்டு மெல்லச் சொன்னார். “கருவாடு தின்னது அவ்ளோ பெரிய குத்தமாடா?”

சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

காந்தன் அந்த மூட்டையைப் பிரித்தான். உள்ளே எல்லா விரிப்பும் வெள்ளையாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு சொட்டுக் கறை இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவன் வாந்தி எடுத்தான்.

மாசி மகம் வந்தது.

விடியற்காலையிலேயே முதுகில் கொக்கிகள் குத்தினார்கள். கொக்கிகளிலிருந்து ஒரு கயிறு. பின்னால் நின்று அதை இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு பிச்சைமுத்து அண்ணனுக்கு. காதில் பிளாஸ்திரியோடு வந்திருந்தார். தேவிஸ்ரீ பெரிய வயிற்றோடு ஓரமாக நடந்து வந்தாள். உறுமி அதிர்ந்தது. ஒட்டுப்பால் நாற்றம் அவன் பிடரியிலேயே நடந்து வந்தது.

மலைக்குக் கொஞ்சம் முன்னால் கயிறு வெடுக்கென்று இழுபட்டது. சதை கிழிந்தது. ரத்தம் இடுப்பு வேட்டிக்கு இறங்கியது.

“மெதுவாண்ணே!” என்று கத்தினான்.

“என்னடா மெதுவா?”

குரல் முன்னாலிருந்து வந்தது.

பிச்சைமுத்து அண்ணன் அவன் எதிரே நின்றிருந்தார். ஒரு கையில் தண்ணீர் போத்தல். மறு கையில் அதன் மூடி.

“கயிறு... யாருகிட்ட?”

“கீழ விட்டுட்டுத்தான்லா வந்தேன். தண்ணி குடி.”

கயிறு விறைப்பாக இருந்தது.

இழுத்தது.

இன்னும்...

இன்னும்...

சட்டென்று தளர்ந்தது. நாற்றம் நின்றது. வியர்வை, விபூதி, எலுமிச்சம்பழம். அவ்வளவுதான். உறவினர் ஒருவர் அந்த நேரத்தில் எடுத்த படம் போனில் இருக்கிறது. காலை ஒன்பது நாற்பத்தேழு.

தேவிஸ்ரீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“என்னங்க, புள்ள உதைக்குது! இப்பத்தான். அடுத்தடுத்து மூணு தடவ!”

காந்தன் வாய்விட்டு அழுதான். முருகன் மன்னித்துவிட்டான் என்று நினைத்தான்.

விரதம் முடித்த அன்று மாலை ஏழரைக்கு முதல் சிகரெட்டைப் பற்றவைத்தான். ஆசைக்கு இல்லை. அது திரும்பி வந்துவிடக் கூடாது. வந்தாலும் தனக்குத் தெரியக் கூடாது. ஒரு வாரத்தில் மூக்கு பழையபடி செத்துப்போனது. வீட்டில் பருப்பு தீய்ந்தாலும் தெரியவில்லை. நிம்மதியாகத் தூங்கினான்.

மே மாதம் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. மூன்று கிலோ. கையும் காலும் துறுதுறுவென்று இருந்தன. காந்தன் அவனைக் கீழே வைக்கவில்லை.

முப்பதாம் நாள், சாயங்காலம் நாலு மணி. தேவிஸ்ரீ பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டினாள். உச்சந்தலையில் மூக்கை வைத்து உறிஞ்சினாள். கலகலவென்று சிரித்தாள்.

“அப்படியே அவங்க அப்பன்தான்.”

“மூக்கா?”

“மூக்கு இல்லங்க. வாடை.”

காந்தன் அவளைப் பார்த்தான்.

“சொன்னா கோவிச்சிக்கக் கூடாது. நீங்க பொண்ணு பாக்க வந்தீங்கல்ல, காப்பி குடுக்கறப்பவே வந்திச்சி. ஏதோ செத்துக் கெடக்கற மாதிரி. கொஞ்சம் தைலம் மாதிரியும். எஸ்டேட்டுக்காரங்க எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்கபோலன்னு நெனச்சிக்கிட்டேன். கேட்டா மனசு கஷ்டப்படுவீங்க. ஒம்போது வருஷமா அது பக்கத்துலதான படுக்கறேன், பழகிப்போச்சி.”

அவன் தன் சட்டையை முகர்ந்து பார்த்தான்.

“சிகரெட்டு, சோப்பு, சாம்பிராணி, எதுக்கும் அது போனதே இல்லங்க. நீங்க காவடி எடுத்த அன்னிக்குத்தான் உங்க மேல இல்லாமப் போச்சி.” அவள் மறுபடி குனிந்து பிள்ளையின் தலையை முகர்ந்தாள். “இவன் பொறந்த அன்னிக்கு நர்ஸ் துடைச்சி என் கையில குடுத்தாங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சிக்கிட்டேன். இங்க வந்துருச்சி.”

காந்தன் பிள்ளையை வாங்கினான். உச்சந்தலையில் மூக்கை அழுத்தி இழுத்தான்.

எதுவும் தெரியவில்லை.

பிள்ளைக்கு இப்போது ஒரு வயது ஆகப்போகிறது. குழந்தை இருக்கிற வீடு, சிகரெட்டை விடுங்கள் என்று தேவிஸ்ரீ தினமும் சண்டை போடுகிறாள்.

அவன் இரண்டு பாக்கெட்டை மூன்றாக்கிவிட்டான்.