உதட்டுப் பேச்சு

நியூ ஹாம்ப்ஷயர் பண்ணையிலிருந்து லோவெல் நகரத்து நெசவாலைக்கு வந்த நாள் முதல் லவினாவுக்குப் பயம்தான். ஆலை மணிக்குப் பயம், தறிக்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேலாக ப்ராட் மேஸ்திரிக்குப் பயம். தறி இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால் பெண்கள் குரலே இல்லாமல் உதட்டை அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் மட்டும் அவள் பெரிய வாயாடி.

இப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி, ஆலைப் பெண்கள் நடத்திய பத்திரிகையில் பெயர் போடாமல் ஒரு கட்டுரை எழுதித் தொலைத்தாள். நூல் அறாமலிருக்க ஈரம் வேண்டுமென்று தறிக்கூடத்து ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். அதைப் பற்றித்தான் எழுதினாள். பெண்களோ அதை நெட்டுருப் போட்டுவிட்டார்கள்.

எழுதியவளைக் கண்டுபிடிக்க ப்ராட் ஒருநாள் தறிகளை நிறுத்தச் சொன்னார். பத்திரிகையை விரித்து உரக்கப் படித்தார். ‘நூலுக்கு ஈரம் வேண்டுமாம், எங்கள் நெஞ்சுக்குக் காற்று வேண்டாமாம்’ என்ற வரி வந்ததும் அதை வேண்டுமென்றே விழுங்கிவிட்டு, நிமிர்ந்து எல்லோர் வாயையும் பார்த்தார்.

லவினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கத்துத் தறி டோர்க்கஸுக்குச் சூது தெரியாது. விட்டுப்போன வரியை அவள் உதடு தன்பாட்டில் சொல்லிவிட்டது.

“அகப்பட்டியா! நீதானே எழுதினே?”

“ஐயோ, எனக்குக் கையெழுத்துப் போடவே வராதுங்க! பிடிச்சிருந்துது, மத்தவங்க படிக்கக் கேட்டு மனப்பாடம் பண்ணினேன்.”

“கதை விடாதே. மூட்டையைக் கட்டு. இனி இந்த ஊர்ல எந்த ஆலையிலும் உன்னைச் சேர்க்க மாட்டாங்க.”

டோர்க்கஸின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். அவள் சம்பாதித்து அனுப்பினால்தான் விதவைத் தாய்க்குச் சாப்பாடு.

“நான்தான் எழுதினேன்” என்றாள் லவினா.

ப்ராட் திரும்பவே இல்லை. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பழக்கதோஷத்தில் உதடு மட்டுமே அசைந்திருந்தது. வரிசையிலிருந்த அத்தனை பெண்களும் அவளையே வெறித்தார்கள். மேஸ்திரிக்குத் தெரியாது. சும்மா இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

வாசலில் டோர்க்கஸ் திரும்பினாள். அவளும் பார்த்துவிட்டிருந்தாள்.

“வாயை மூடுடி, கழுதை” என்றாள், உதட்டால்.

பயம் துளியும் குறையவில்லை. லவினா வாயைத் திறந்தாள். இந்த முறை குரல் வந்தது. கூடத்தின் கடைசி ஜன்னல் வரைக்கும் கேட்டது.

“அவளை விடுங்க, மேஸ்திரி. எழுதினவ நான்.”