பேசாத குழந்தையின் ஞாபகம்

ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் டம்ளர், ஒரு மரக்கட்டை, ஒரு மூடி. பேச்சு தாமதமாகும் குழந்தைகளின் மூளையையும் நினைவையும் பற்றிய ஆய்வில் நான் வேலை பார்த்தபோது என் பையில் எப்போதும் இருந்தவை இவை. கட்டையை டம்ளரில் போட்டு, மூடி, இரண்டு முறை குலுக்கிக் காட்டுவேன். அப்போது குழந்தையைத் தொட விடமாட்டேன். ஒரு வாரம் கழித்துப் போய், அதே பொருள்களை முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். குழந்தை தானாக எதையெல்லாம் செய்கிறது என்று குறித்துக்கொள்வேன். பேச்சு வராத குழந்தையின் நினைவை அறிய அது ஒரு வழி.

அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்தில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று. காது நன்றாகக் கேட்டது. ஒரு சொல்லும் பேசவில்லை. தாய்தான் விரும்பி ஆய்வில் சேர்த்திருந்தார். தந்தைக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. நான் இரண்டாம் முறை போனபோது, ஷிப்ட் முடிந்து வந்த தூசிச் சட்டையோடு வாசலிலேயே நின்றார்.

"இதோட நிறுத்திக்கலாம் மேடம். மூளையில டெஸ்ட்டுன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? நாளைக்கு அதைக் கட்டிக் கொடுக்கணும்ல."

அது அவர் உரிமை. சரி என்று பையை எடுத்தேன். அவர் மனைவிதான், "வந்தது வந்துட்டாங்க, இன்னிக்கு ஒரு வாட்டி பாத்துட்டுப் போகட்டுங்க" என்றார். கணவர் அரைமனதாகத் தலையசைத்தார்.

பொருள்களை வைத்தேன். குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கவுன் நுனியைப் பிடித்து, இல்லாத கண்ணாடி ஒன்றைத் துடைத்து, மூக்கின் மேல் மாட்டிக்கொண்டது. அதன் பின்னரே கட்டையைப் போட்டது, மூடியது, இரண்டு முறை குலுக்கியது. போன வாரம் தொடங்குமுன் நான் முந்தானையால் என் கண்ணாடியைத் துடைத்திருக்க வேண்டும்; அது என் வழக்கம். எனக்கே அது நினைவில்லை. என் தாளில் அதைக் குறிக்க இடமும் இல்லை.

தாய் சிரித்துவிட்டார். தந்தை சிரிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்தார்.

"அப்ப எல்லாம் ஞாபகம் இருக்குதா மேடம்? நான் அவ முன்னாடியே ஊமை ஊமைன்னு எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன்."

"இனிமே நீங்க சொல்றதும் ஞாபகம் இருக்கும்ங்க" என்றேன்.

ஒரு குழந்தை ஒருநாள் செய்ததை வைத்து ஆய்வு எதையும் முடிவு செய்யாது. ஆனால் பேச்சு வராத இடத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நானும் உள்ளுக்குள் எண்ணியிருந்தேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தந்தை ஆய்வை நிறுத்தச் சொல்லவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொண்டு, பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் அரியலூருக்கு அவரே மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சென்ற மாதம் அரியலூர் பஸ் நிலையத்தில் தந்தையையும் மகளையும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். பள்ளிச் சீருடையில் இருந்தாள். அவர்கள் ஏறவிருந்த பஸ் கிளம்பிக்கொண்டிருக்க, அவள் எதையோ சொல்லத் தொடங்கி, முதல் எழுத்திலேயே திக்கி நின்றாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். படியில் வைத்த காலை எடுத்துவிட்டு, தந்தை மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பஸ் போய்விட்டது. அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் எழவில்லை.