துண்டு கட்டிய சந்தேக நபர்

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் என் கணவர் ஒரு ஆளைப் பிடித்துவிட்டார்.

பிடித்தார் என்றால்... பிள்ளை கடத்துகிறவன் என்று பிடித்தார்.

இதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் வீட்டில் சில நாளாக ஒரு வெப் சீரிஸ் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கே ஏதோ ஒரு ஊர். வரிசையாகப் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். தூக்கமில்லாத கண்ணோடு ஒரு போலீஸ்காரர் தேடித் திரிகிறார்.

என் கணவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். விடை தெரியாத கணக்கைப் பாதியில் விட மாட்டார். முதல் எபிசோடிலேயே "பால்காரன்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த எபிசோடில் பால்காரன் செத்துப்போனான். பிறகு டியூஷன் டீச்சர் என்றார் — ஒரு வாத்தியாரே இன்னொரு வாத்தியாரைக் காட்டிக்கொடுத்தார். அவளும் இல்லை. கடைசியில் பார்த்தால், கடத்தியவன் அதே ஸ்டேஷனில் வேலை பார்க்கிற இன்னொரு போலீஸ்காரன்.

"யாரையும் நம்ப முடியலியே" என்று டி.வி.யை அணைத்தார். அன்றிலிருந்து எங்கள் ஊர் தென்காசியையே ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொந்த ஊர் எது என்று விசாரித்தார். எதிர்வீட்டு மாடியில் ஏன் பகலில் லைட் எரிகிறது என்று என்னைக் கேட்டார். நான் என்ன கண்டேன்?

இந்த மனநிலையில் இருந்த மனிதரைத்தான், சாரல் நன்றாக இருக்கிறதே என்று குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன்.

குளித்து முடித்து, பழக்கடைப் பக்கம் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தோம். அப்போது அந்த ஆள் எங்களைக் கடந்து போனார். வாட்டசாட்டமான உடம்பு. இடுப்பில் ஈரத்துண்டு, மேலெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு. தோளில் ஐந்து வயதுப் பெண் பிள்ளை. காலை உதறிக்கொண்டு வீறிட்டு அழுதது. அவர் அதைக் காதிலேயே வாங்காமல் கார்கள் நிற்கிற பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். "அடம் பிடிக்குது போல" என்று நினைத்துக்கொண்டு தலையைத் துவட்டினேன். நீங்களும் அதைத்தானே செய்திருப்பீர்கள்?

என் கணவர் போய் மறித்து நின்றுவிட்டார்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. இது யாரு பிள்ளை?"

"எம் பிள்ளைதான் சார். வழி விடுங்க."

"பாப்பா, இது உங்கப்பாவா?"

அழுகை சட்டென்று நின்றது. பிள்ளை என் கணவரைப் பார்த்தது. தன்னைத் தூக்கி வந்தவரைப் பார்த்தது. நிதானமாகச் சொன்னது.

"இல்ல. எங்கப்பா நல்லவங்க."

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்தார்களோ, நிமிஷத்தில் ஐம்பது பேர் சுற்றிக்கொண்டார்கள். பாதிப் பேர் துண்டு, பாதிப் பேர் எண்ணெய்.

"ரம்புட்டான் பழம் கேட்டா சார். கொட்டை தொண்டையில சிக்கிரும்னு வேண்டாம்னேன். அந்தக் கோவத்துல சொல்லுதா" என்றார் அந்த ஆள்.

"கதை நல்லாத்தான் இருக்கு" என்றது கூட்டம்.

"அட, நான் போலீஸ் சார்."

ஐயோ பாவம். என் கணவரிடம் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பார். "போலீஸா? ஐடி கார்டு எங்க?" என்று அவர் குரல் கூடிவிட்டது. துண்டில் ஏது பாக்கெட்? கார்டு, போன் எல்லாம் மனைவியின் பையில். மனைவி பெண்கள் பக்கம் அருவிக்குள்.

பின்னாலிருந்து ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். இந்த மாதிரி இடத்தில் முதல் அடி விழுந்தால் பிறகு யார் நிறுத்துவது? அந்த ஆள் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி நின்றார்.

என் கணவர் குறுக்கே பாய்ந்தார். "யாரும் கை வைக்கக் கூடாது. நான் கேள்விதான் கேட்டேன். அவரு இன்னும் பதில் சொல்லி முடிக்கல."

முப்பது வருஷம் எட்டாம் வகுப்பை அடக்கிய குரல். ஓங்கிய கை இறங்கிவிட்டது.

அதற்குள் ஒரு பெண் போலீஸ் வந்துசேர்ந்தார். பிள்ளைக்கு நேராகக் குனிந்தார். "உம் பேரு என்னம்மா?"

"தெரியாத ஆளுங்ககிட்ட பேரு சொல்லக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிருக்காங்க."

"சரி. உங்கப்பா என்ன வேலை பாக்காங்க?"

"போலீஸ்."

"அது நான்தான் மேடம்" என்றார் அந்த ஆள், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

"பிள்ளை சொன்னதப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுதான் பாருங்க" என்றார் மசாஜ் செய்கிற அண்ணாச்சி ஒருவர்.

கடைசியில், அந்த ஆளிடம் மனைவி பெயரைக் கேட்டு மைக்கில் கூப்பிட்டார்கள். சொட்டச் சொட்ட ஓடிவந்தார் ஒரு பெண். கூட்டத்தைப் பார்த்தார், நடுவில் துண்டோடு நின்ற மனிதரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"என்னங்க, இன்னும் பிள்ளைக்குத் தலை துவட்டலியா?"

அதற்கு மேல் ஐடி கார்டு எதற்கு? கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க தம்பி. ரொம்பப் பெரிய தப்பு பண்ணிட்டேன்." அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததே இல்லை.

அந்த ஆள் மனைவியிடம் துண்டு வாங்கி, பிள்ளையின் தலையைத் துவட்டினார். பிறகு சொன்னார். "எனக்குச் சொந்த ஊரு சிவகிரி சார். காணாமப் போன பிள்ளைகளைத் தேடுத டீம்லதான் வேலை. போற இடத்துல எல்லாம் கடைக்காரங்க, டிரைவருங்க சொல்லுதது ஒண்ணுதான். 'பிள்ளை அழுதுச்சு சார், அப்பாவா இருக்கும்னு நெனச்சோம்.' ஒருத்தராவது நிறுத்திக் கேட்டிருந்தா..."

என் கணவரின் கையை மட்டும் ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார்.

அந்த 'அப்பாவா இருக்கும்' கூட்டத்தில் நானும் ஒருத்திதானே? பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதுதான் உறுத்தியது.

ஆகவே, கை ஓங்க வேண்டாம். வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். நிஜ அப்பா என்றால் கோபப்படுவார்... அப்பாக்கள் கோபப்படுவது நமக்கென்ன புதிதா?