மூன்று குருவித் தோரணம்

நாளை என் தங்கை வள்ளிக்குக் கல்யாணம். இன்று காலை ரெங்கம் தோட்டத்து தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து தென்னங்குருத்தில் தோரணம் மடித்தேன்.

கல்யாணத் தோரணத்தில் ஓலையில் மடித்த நான்கு குருவிகள், தலை கீழே பார்க்கும். சாவுத் தோரணத்தில் மூன்று, தலை மேலே பார்க்கும்.

பந்தல் போட வந்த பக்கத்து வீட்டு முனியாண்டி ஒன்றை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்னப்பா, எல்லாத்திலயும் மூணு குருவி வச்சிருக்கே?"

கூடையைப் பார்த்தேன். அத்தனையும் அப்படித்தான்.

"தோட்டத்துல காய்ச்சல் வந்ததிலேர்ந்து இதைத்தானண்ணே மடிக்கிறேன்."

அவர் அதைக் கூடையிலேயே திரும்ப வைத்தார். போன மாதம் அவர் தம்பிக்கும் நான்தான் மடித்தேன்.

வள்ளி பார்க்குமுன் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும், உங்கள் தோட்டத்தில் கல்யாணத் தோரணம் மடித்தவர் யாராவது இருந்தால் அனுப்பிவையுங்கள். என் கைக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியவில்லை.