மாமாவுக்காக இறங்கிய சுருதி

டயர்க்கடையில் அவனுடைய வேலை சக்கரங்களை நேராக்குவது. நூலளவு கோணல் இருந்தாலும் வண்டியை வெளியே விடமாட்டான். அப்படிப்பட்டவன் தன் கிட்டாரின் சுருதியை மட்டும் பல வருடங்களாகத் தெரிந்தே இறக்கிக்கொண்டு வந்தான். எல்லாம் பாசம் படுத்திய பாடு.

அவர்களுடைய ராக் குழுவின் பெயர் ‘இரும்புத்தூள்’. பாடுகிறவர் அவனுடைய அக்கா கணவர். டிரம்ஸ் அடிப்பவர் ரொட்டிக்கடைக்காரர். அவர் கடையின் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவில்தான் பயிற்சி. பேஸ் கிட்டார் வாசிப்பது பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பெண்.

மாமாவின் குரல் சரளைக்கல் சாலையில் வண்டி உருள்வதுபோல் கரகரவென்று தொடங்கும். உச்சிக்கு ஏறும்போது கேட்பவர் நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு போகும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அக்கா வீட்டோடு சண்டை போட்டு அவரைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் மாமா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பகலெல்லாம் “பிரேக்! பிரேக்க மிதிங்கம்மா!” என்று கத்திக் கத்தி அந்தத் தொண்டை தேய்ந்துவிட்டது. ஒருநாள் பயிற்சியில் உச்சி ஸ்வரம் வரவில்லை. காற்றுதான் வந்தது. மாமா மைக்கை மாவு மூட்டைமேல் வைத்தார்.

“இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நான் பாடறத விட்டுடுவேன். எனக்காக யாரும் சுருதிய இறக்கவும் வேணாம், பிச்சையெடுத்துப் பாட எனக்குத் தெரியாது.”

வீம்புக்காரர். சொன்னால் செய்துவிடுவார். அன்று இரவு அக்கா சமையலறையில் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“பாட்டு இல்லைன்னா அந்த மனுஷன் சுவத்தப் பாத்து உக்காந்திடுவாருடா. ஏதாவது பண்ணு.”

செய்தான். அடுத்த பயிற்சிக்கு மாமா வருமுன்பே கிட்டாரையும் பேஸையும் சுருதியில் அரைக்கட்டை இறக்கிவைத்தான். உச்சி தானாகவே மாமாவின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அவர் பாடினார். சிரித்தார். சில வருடம் கழித்து இன்னொரு அரைக்கட்டை. பிறகு இன்னொன்று. கம்பிகள் தொளதொளத்ததும் தடித்த கம்பி மாட்டினான். ரொட்டிக்கடைக்காரருக்கும் டோக்கன் பெண்ணுக்கும் விஷயம் தெரியும், வாய் திறக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், குழுவுக்குப் பேர் வந்ததே அதற்குப் பிறகுதான். பாரம் ஏற்றிய லாரி முதல் கியரில் மேடு ஏறுவதுபோல அடிவயிற்றைக் குலுக்கும் சத்தம். பக்கத்து ஊர்ப் பையன்களெல்லாம் தங்கள் கிட்டார்களை இறக்கிக்கொண்டார்கள். ‘ஒரு தலைமுறையின் கோபம் பாதாளத்திலிருந்து எழுகிறது’ என்று ஒரு பத்திரிகை எழுதியது.

“கோபமா? எங்க மாமா தொண்டைடா அது” என்று டயர்க்கடைக்காரன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

விளையாட்டு மைதானத்தில் அவர்களுடைய பெரிய கச்சேரி நடந்த மாலையில்தான் வினை வந்தது. கடைசிப் பாட்டுக்கு முன் அவனுடைய கிட்டாரில் கம்பி அறுந்தது. முன்னால் வாசித்த குழுவின் கிட்டார்காரர் ஓடிவந்து தன்னுடையதை நீட்டினார். மீட்டிப் பார்த்தான். சரியான, இறக்காத சுருதி! இப்படியே வாசித்தால் பேஸோடு சேராது. பேஸையும் ஏற்றினால் மாமாவின் குரல் ஊரறிய உடையும். இறக்கலாமென்றால் மாமா பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். இத்தனை வருட நாடகத்தின் சாயம் வெளுத்துவிடும். மாமா இன்றோடு மைக்கை வைத்துவிடுவார்.

கம்பியின் திருகாணியைப் பிடித்தபடி விழித்தான். மாமா மைக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்தார்.

“என்னடா முழிக்கிற? இறக்கு.”

“மாமா?”

“வழக்கமா இறக்குவியே, அந்த அளவுக்கு இறக்கு. டயர் மெஷின்ல நசுங்கின விரலு, இறுகின கம்பிய அழுத்த முடியலைன்னுதானே இத்தன வருஷமா இறக்கிட்டு வர்ற? எனக்குத் தெரியாதா?”

“யாரு சொன்னா?”

“உங்கக்காதான். ‘அவங்கிட்ட கேட்டுடாதீங்க, கூனிக்குறுகிப் போயிடுவான்’னா. சரி, மச்சானுக்காக நாமளும் கொஞ்சம் எறங்கித்தான் பாடுவோமேன்னு விட்டுட்டேன்.”

அவன் விரல்களைப் பார்த்தான். என்றைக்கோ நசுங்கி, அடுத்த மாதமே ஆறிப்போன விரல்கள். பிறகு முன்வரிசையைப் பார்த்தான். அக்கா அவசர அவசரமாகக் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கள்ளி!

ஒரு வார்த்தை உண்மை சொன்னால் போதும், தன் மானம் தப்பும். கிட்டார் வாசிக்கிறவனுக்கு விரல் போய்விட்டது என்பதைவிட அவமானம் உண்டா? ஆனால் மாமா ஆசை ஆசையாக அந்த மைக்கைப் பிடித்திருந்தார்.

வலிக்கிறதுபோல் விரல்களை உதறிக்காட்டினான்.

“ஆமா மாமா. ரொம்ப வலிக்குது.”

மாமா அவன் தோளைத் தட்டினார். “அட, இதுல என்னடா வெக்கம்? இன்னும் கொஞ்சம்கூட இறக்கிக்கோ.”

அவன் வழக்கமான அளவுக்கு இறக்கினான். மைதானமே அதிர்ந்தது. உச்சியில் மாமாவின் குரல் கொஞ்சமும் பிசகாமல் போய் நின்றபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேடையில் புகை அதிகம் என்று டோக்கன் பெண்ணிடம் சொன்னான். புகை இயந்திரம் அன்று வேலையே செய்யவில்லை.