கொலுவுக்கு அடியில் கூட்டுப்புழு

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் மூன்றாம் மாடிக் குடித்தனக்காரர்களுக்கு மண் கிடைப்பது லேசில்லை. கொலுவுக்குப் பார்க் கட்ட வேண்டுமென்றால் ஏதாவது தோட்டக்காரரிடம் பல்லிளித்து வாங்கி வர வேண்டும். அந்த வருஷம், பால்கனியில் நான் வைத்திருந்த மண் தொட்டி அம்மா கண்ணில் பட்டுவிட்டது.

நான் அப்போது விலங்கியல் மாணவி. மழைக்காலத்தில் கண்டாலா மலைப்பக்கம் போய்த் தேள்வால் பூச்சிகளைப் பிடித்து வந்திருந்தேன். ஆணுக்கு வால் நுனி தேள்கொடுக்கு மாதிரி மேலே வளைந்திருக்கும். ஆனால் கொட்டத் தெரியாது, பாவம். பெண் ஈர மண்ணின் இடுக்கில் முட்டையிட்டது. கம்பளிப்பூச்சிச் சாயலில் குட்டிப் புழுக்கள் வந்தன. செத்த பூச்சிகள்தான் அவற்றுக்குச் சாப்பாடு. விளக்கடியில் நான் ஈசல் பொறுக்கும்போதெல்லாம் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். புழுக்கள் தோலுரித்துத் தோலுரித்துக் கொழுத்தன. பிறகு மண்ணுக்குள் இறங்கி, அறை குடைந்து, சாப்பாட்டை விட்டுக் கூட்டுப்புழுவாகிக் கிடந்தன.

மேலே ஒன்றையும் காணாததால் எல்லாம் செத்துத் தொலைந்தன என்று அம்மா நினைத்துவிட்டாள். நான் கல்லூரியிலிருந்து திரும்புவதற்குள் தொட்டி கொலுப்படிக்குக் கீழே வந்துவிட்டது. கடுகு தூவி, தண்ணீர் தெளித்து, நட்டநடுவே கனத்த செட்டியார் பொம்மையை உட்கார்த்தியிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே உயிர் இருக்கிறது, கூட்டுப்புழுதான் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரவேண்டும், இப்படி அமுக்கினால் அங்கேயே நசுங்கிவிடும் என்று கத்தினேன்.

வைத்த கொலுவை விஜயதசமிக்கு முன்னால் அசைக்கக் கூடாது என்று கட்டடத்துக்கே சட்டம் சொல்பவள் அம்மா. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். படியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, செட்டியாரை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள்.

சரஸ்வதி பூஜையன்று எதிர்வீட்டு மாமி மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள வந்திருந்தார். முளைத்திருந்த கடுகுச் செடிகளுக்கு நடுவே மண் அசைந்தது. சற்று நேரத்தில் ஈரச் சிறகோடு ஒன்று ஏறி வந்து, வாலை வளைத்துக்கொண்டு நின்றது. மாமி தேள் என்று அலறி, பக்கத்தில் கிடந்த விசிறியை ஓங்கினார். நான் எழுந்திருப்பதற்குள் அம்மா குறுக்கே கையை நீட்டிவிட்டாள்.

"அடிக்காதீங்கோ மாமி. அது நம்மாத்துல பொறந்தது."